கறுப்புத் திரைக்காக ஒரு வக்காலத்து

"இந்தக் காலத்திலும் இப்படியொரு திரையா?" பினாங்கில் பாயான் லெப்பாஸ் ஆலைகளிலும், பத்து காவான் கிடங்குகளிலும், ஜார்ஜ் டவுன் பயண முகவர் கடைகளிலும், வங்கிகளின் பின்னறைகளிலும் இந்தக் கேள்வி ஓயாமல் எழுகிறது. கறுப்புப் பின்னணி, பச்சை எழுத்து. படம் கிடையாது, பொத்தான் கிடையாது, மவுஸுக்கு வேலையே கிடையாது. கேட்பவர் பெரும்பாலும் அந்தத் திரையில் ஒரு நாள்கூட வேலை பார்க்காதவர். ஆலோசனை நிறுவனத்திலிருந்து வந்தவராக இருப்பார், அல்லது புதிதாகப் பொறுப்பேற்ற மேலாளராக இருப்பார். பதிலையும் அவரே கையோடு கொண்டுவந்திருப்பார்: பழைய டெர்மினல் திரைகளை பிரவுசருக்குள் கொண்டுவந்துவிட வேண்டும். கைப்பேசி பழகிய பிள்ளைகளுக்குப் பயிற்சியே தேவைப்படாது, எந்தக் கணினியிலும் திறக்கலாம், பார்க்கவும் நன்றாக இருக்கும், கம்பெனியும் நவீனமாகிவிடும்.

இதை ஏறக்குறைய எல்லாரும் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. திரையின் தோற்றத்தை மாற்றி அதற்கு நவீனமயம் என்று பெயர் சூட்டும் வேலை, நாள் முழுக்க அந்தத் திரையில் உழைப்பவரின் நேரத்தைப் பறிப்பதில் போய் முடிகிறது. பறிபோன நேரத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் கடைசியில் அவராகவே இருக்கிறார்.

என்னைப் போன்ற நிபோங் திபால்காரனுக்கு இதில் என்ன அக்கறை? கரும்பில் தொடங்கி ரப்பருக்கும் பிறகு செம்பனைக்கும் மாறிய தோட்டங்கள் சூழ்ந்த ஊர் இது. 1972-இல் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் தொடங்கியபின், பால்மரம் வெட்டிய தாய்மாரின் மகள்கள் லயன் வீடுகளிலிருந்து பாக்டரி பஸ் ஏறினார்கள். 1985-இல் பினாங்குப் பாலம் திறந்ததும் அந்தப் பயணம் இன்னும் எளிதானது. அந்தக் காலத்தில் உலகின் குறைக்கடத்தி ஆலைகள் பலவற்றில் உற்பத்தியைக் கண்காணித்தவை புரோமிஸ், கன்சிலியம் நிறுவனத்தின் ஒர்க்ஸ்ட்ரீம் போன்ற மென்பொருள்கள். டெக் நிறுவனத்தின் வாக்ஸ் கணினிகளில் ஓடியவை அவை. ஒவ்வொரு வேலை நிலையத்திலும் ஒரு டெர்மினல் இருக்கும். நம் பெண்களில் பலருக்கு ஆங்கிலம் சரளமாகப் பேச வராது. ஆனால் எந்தத் திரையில் எந்த எண்ணைத் தட்டினால் எந்தச் சில்லுத் தொகுதி (லாட்) எந்த நிலையத்துக்கு நகரும் என்பது அவர்கள் விரலுக்குத் தெரியும். தோட்டத்திலிருந்து வந்த ஒரு தலைமுறை தன் சொந்தத் திறமையாகச் சேர்த்துவைத்த கைப்பழக்கம் அது. அதைப் 'பழைய முறை' என்று ஒரே வரியில் தள்ளிவிடுகிறவர்களோடுதான் எனக்கு வழக்கு.

அந்தத் திரை உண்மையில் என்ன செய்கிறது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். எதிர்த்தரப்பின் பிழை அங்கேயே தொடங்குகிறது. ஐபிஎம் 1971-இல் 3270 என்ற டெர்மினல் வரிசையை வெளியிட்டது. அதில் நிலைபெற்ற அளவு 24 வரி, வரிக்கு 80 எழுத்து. அந்த 80 என்ற எண் 1928-இல் அதே நிறுவனம் கொண்டுவந்த துளை அட்டையிலிருந்து வந்தது. மெயின்பிரேம் என்ற பெரிய மையக் கணினி ஒரு படிவத்தை அனுப்பும். ஊழியர் கட்டங்களை நிரப்புவார். அவர் தட்டும்போது மெயின்பிரேமுக்கு எதுவும் போகாது. என்டர் விசையை அழுத்தியதும், மாற்றிய கட்டங்கள் மட்டும் ஒன்றாகத் திரண்டு போகும். அடுத்த படிவம் வரும்.

இதைப் படிக்கும்போதே உங்களுக்குத் தோன்றியிருக்கும்: வலைப்பக்கத்தில் படிவம் நிரப்பி அனுப்புவதும் இதே வேலைதானே? ஆம். 1990-களில் வலைப்பக்கங்களுக்குப் படிவம் வந்தபோது, மெயின்பிரேம்காரர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்த வேலைதான் வேறு உடையில் வந்தது. 1978-இல் வந்த விடி100 வகை டெர்மினல் வேறு மாதிரி. அதில் தட்டுகிற ஒவ்வொரு எழுத்தும் உடனுக்குடன் பெரிய கணினிக்குப் போகும். 1988-இல் வந்த ஐபிஎம் ஏஎஸ்/400 படிவம் அனுப்பும் முதல் வகையைச் சேர்ந்தது. ஆகவே பிரவுசருக்கு மாறுவதால் வேலைமுறை ஒரு யுகம் முன்னேறிவிடும் என்று சொல்வதற்கு இடமில்லை. மாறுவது உடைதான். அந்த உடை உழைப்பவரின் உடம்புக்குச் சரியாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

"பழையது, ஆகவே மெதுவானது" என்ற வாதத்தை அளந்தே பார்த்துவிடலாம். ஸ்டூவர்ட் கார்ட், தாமஸ் மொரான், ஆலன் நியூவெல் ஆகிய மூவரும் 1980-இல் ஒரு கணக்குமுறையை வெளியிட்டார்கள். கைதேர்ந்தவர் ஒரு விசையைத் தட்ட 0.2 விநாடி. கையைக் கீபோர்டிலிருந்து மவுஸுக்குக் கொண்டுபோக 0.4 விநாடி. மவுஸால் ஓர் இடத்தைச் சுட்ட 1.1 விநாடி. திரும்பவும் கீபோர்டுக்கு வர இன்னொரு 0.4. அடுத்த கட்டத்துக்குப் போக டெர்மினலில் ஒரு டேப் விசை போதும்: 0.2 விநாடி. அதே வேலையை மவுஸ் பிடித்துச் செய்தால், சொடுக்குவதைச் சேர்க்காமலே 1.9 விநாடி. ஒரு பதிவுக்குப் பத்து முறை இப்படிக் கை போய்வந்தால் 2 விநாடி 19 விநாடியாகிவிடும். பிரவுசரிலும் டேப் விசை வேலை செய்யுமே என்பார்கள். செய்யும், பக்கத்தை அமைத்தவர் அக்கறையோடு அமைத்திருந்தால். நாள்காட்டிப் படம், கீழே விரியும் பட்டியல், நடுவில் குதித்தெழும் 'சரிதானா?' பெட்டி என்று அழகுக்காக அடுக்கியவற்றில் பலவும் கையை மவுஸுக்கு இழுப்பவையே.

இது ஏட்டுக் கணக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்காகவே நடந்ததைப் போல ஒரு சம்பவம் இருக்கிறது. அமெரிக்காவில் நைனெக்ஸ் என்ற தொலைபேசி நிறுவனம், இணைப்புக் கொடுக்கும் ஆபரேட்டர்களுக்குப் புதிய பணிமேசைக் கணினிகளை வாங்க நினைத்தது. பழையது எழுத்து மட்டுமே காட்டும் திரை, நொடிக்கு 300 பிட் வேகம். புதியது துல்லியமான படத்திரை, சின்னங்கள், 1200 பிட் வேகம். ஒவ்வோர் அழைப்பிலும் சில விநாடிகள் மிச்சமாகும் என்று எல்லாரும் நம்பினார்கள். சராசரி அழைப்பில் ஒரு விநாடி குறைந்தால் ஆண்டுக்கு 30 இலட்சம் டாலர் மிச்சம் என்பது நிறுவனத்தின் கணக்கு. வெய்ன் கிரே, பானி ஜான், மைக்கேல் அட்வுட் ஆகிய ஆய்வாளர்கள் மேலே சொன்ன கணக்குமுறையின் விரிவான வடிவத்தைக் கொண்டு ஆபரேட்டர்களின் ஒவ்வோர் அசைவையும் அளந்தார்கள். புதியது ஏறக்குறைய 3 விழுக்காடு மெதுவாக இருக்கும் என்று முடிவு வந்தது. நான்கு மாதக் களச் சோதனை நடந்தது. கணக்கு சொன்னபடியே அழைப்புக்கு அரை விநாடிக்குச் சற்று மேல் கூடியது. ஆண்டுக்கு ஏறத்தாழ 20 இலட்சம் டாலர் நட்டம் என்று தெரிந்ததும் நிறுவனம் அந்தக் கணினிகளை வாங்கவில்லை. 1993-இல் வெளியான அந்த ஆய்வின் பெயர் 'புராஜெக்ட் எர்னஸ்டைன்'.

ஏன் மெதுவானது என்பதில்தான் பாடம் இருக்கிறது. பழைய திரையில் ஆபரேட்டர் சில விசைகளை வாடிக்கையாளர் பேசிக்கொண்டிருக்கும்போதே தட்டிவிடுவார். எப்படியும் காத்திருக்க வேண்டிய நேரம் அது. புதிய அமைப்பு அந்த விசைகளைக் குறைத்துப் பெருமைப்பட்டது. ஆனால் எல்லாரும் அவர் கையையே எதிர்பார்த்திருக்கும் நேரத்தில் ஒரு விசையைக் கூட்டியது. வடிவமைப்பாளர் திரையைத்தான் பார்த்தார். திரைக்கு முன்னால் நடக்கும் வேலையை அவர் பார்க்கவில்லை.

ஐபிஎம்மின் வால்டர் டோஹர்ட்டியும் அரவிந்த் தடானியும் 1982-இல் இன்னொன்றைக் காட்டினார்கள். கணினி பதில் சொல்லும் நேரம் ஒரு விநாடிக்கும் கீழே இறங்கும்போது, மனிதர் செய்துமுடிக்கும் வேலை கணினி மிச்சப்படுத்திய நேரத்தைவிட அதிகமாகக் கூடுகிறது. சிந்தனை அறுபடாமல் ஓடுவதே காரணம். டெர்மினல் திரை ஒன்றில் இருப்பது 1920 எழுத்துகள், அவ்வளவுதான். எழுத்துரு, படம், நிரல் கோப்பு என்று மூட்டை சுமந்துவரும் வலைப்பக்கம் தன் பாரத்தை ஒவ்வொரு திருப்பத்திலும் ஊழியரின் தலையில் இறக்குகிறது.

எங்கள் குடும்பத்திலேயே ஓர் அக்கா, பெரியம்மா மகள், கிடங்கொன்றில் சரக்கு வாங்கிப் பதியும் வேலையில் இருந்தார். கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். பழைய திரைகளை பிரவுசரில் போட்ட பிறகு ஒரு பொழுது என்னிடம் சொன்னார்: "தம்பி, என் கை முன்னால போயிருது, ஸ்கிரீன் பின்னால வருது. லோரி வெளிய நிக்குது. சூப்பர்வைசர் என்னையத்தான் ஏசுறாரு." அவர் சொன்னதில் தொழில்நுட்பம் முழுவதும் இருக்கிறது. பழைய டெர்மினல்கள் பலவற்றில் அடுத்த திரை வருமுன்பே அதற்கான எண்களைத் தட்டிவிடலாம். கணினி அவற்றை வரிசையில் வைத்திருந்து, திரை வந்ததும் உரிய கட்டத்தில் இட்டுக்கொள்ளும். வாக்ஸ் கணினியின் விஎம்எஸ் இயங்குதளம் இதற்கென்றே ஒரு தேக்கிடம் வைத்திருந்தது. பிரவுசரில் பக்கம் வருமுன் தட்டியது காணாமல் போகும், அல்லது வேறொரு கட்டத்தில் போய் விழும். கை வேகமானவருக்கே தண்டனை அதிகம். வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு இந்தக் குறை தெரியவே தெரியாது, ஏனென்றால் அவர் கை இன்னும் அந்த வேகத்தை எட்டியிருக்காது. மேலாளர் புதியவரைக் கேட்டு 'நன்றாக இருக்கிறது' என்று அறிக்கை எழுதிவிடுகிறார். நெடுநாள் உழைத்தவரின் பெயர், மாற்றத்துக்கு ஒத்துழைக்காதவர் பட்டியலில் ஏறிவிடுகிறது. இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

பயிற்சியே வேண்டாம் என்ற வாதம் இன்னும் ஆழமான குழப்பத்திலிருந்து வருகிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஒரு திரையைத் திறப்பவருக்கும், ஒரு நாளில் நூற்றுக்கணக்கான முறை அதே திரையில் வேலை பார்ப்பவருக்கும் ஒரே கதவு போதும் என்று அது எண்ணுகிறது. இந்திய ரயில்வே இதை எப்படிக் கையாண்டது என்று பாருங்கள். 1985-இல் டில்லியில் தொடங்கிய கணினி முன்பதிவு, பிறகு கிரிஸ் என்ற ரயில்வேயின் சொந்தக் கணினி நிறுவனம் எழுதிய கன்சர்ட் மென்பொருளாக வளர்ந்தது. சென்னை, மும்பை, டில்லி, கொல்கத்தா, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999 ஏப்ரலில் ஒன்றோடொன்று இணைந்தன. கவுண்டரில் இருப்பவர் பயணியின் படிவத்தை ஒரு கண்ணாலும் திரையை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டு, கீபோர்டை மட்டும் நம்பி டிக்கெட் அடிப்பார். 2002 ஆகஸ்ட்டில் ஐஆர்சிடிசி இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது, அதே முன்பதிவு அமைப்புக்குப் பொதுமக்களுக்கென்று தனியாக ஒரு வாசல் திறந்தார்கள். வீட்டிலிருந்து வாங்குபவருக்கு வலைப்பக்கம், கவுண்டர்காரருக்கு அவருடைய எழுத்துத் திரை. பொதுமக்களுக்கு இணையம் வந்துவிட்டது என்பதற்காகக் கவுண்டர்காரரின் கையைக் கட்டவில்லை.

அந்த முன்பதிவு அமைப்பு 2010-இல் புதிய வடிவில் நிறுவப்பட்டது. 2025-இலும் அது இட்டானியம் சர்வர்களிலும் ஓப்பன் விஎம்எஸ் இயங்குதளத்திலும் ஓடிக்கொண்டிருந்தது. அதை மாற்றும் வேலையை இந்திய அரசு 2025-இல் அறிவித்தபோது பேசப்பட்டவை வன்பொருள், மென்பொருள், வலையமைப்பு, பாதுகாப்பு ஆகியவை. பணம் போக வேண்டிய இடம் அதுதான், திரைக்குப் பின்னால்.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் பயண முகவரிடம் போய்ச் சென்னைக்கு டிக்கெட் கேட்டுப் பாருங்கள். 2024 டிசம்பரில் இண்டிகோ பினாங்குக்கும் சென்னைக்கும் நேரடி விமானம் விட்ட பிறகு இந்தக் கேள்வி நம்மவர்களிடையே கூடிவிட்டது. அமடேயஸ் என்ற முன்பதிவு அமைப்பில் பழகிய முகவர் ஒரே வரியைத் தட்டுவார்: 'ஏஎன்' என்ற கட்டளை, அதை ஒட்டித் தேதி, பினாங்குக்கு மூன்றெழுத்து, சென்னைக்கு மூன்றெழுத்து. என்டர். அன்றைய விமானங்கள் எல்லாம் ஒரே திரையில் வரிசையாக நிற்கும். நீங்கள் அடுத்த கேள்வியைக் கேட்டு முடிப்பதற்குள் அவர் அடுத்த வரியைத் தட்டியிருப்பார். கவனிக்க வேண்டியது இது: அமடேயஸ் இப்போது பிரவுசரில்தான் ஓடுகிறது. படமும் பொத்தானும் உள்ள பக்கமும் அதில் உண்டு. ஆனால் கட்டளை தட்டும் பக்கத்தை அவர்கள் எடுத்துவிடவில்லை. பழைய முகவரின் விரல் பழக்கம் பிரவுசருக்குள்ளும் அப்படியே செல்லுபடியாகிறது. ஆகவே பிரவுசரே கூடாது என்பது என் வாதமில்லை. பிரவுசருக்குள் எதைக் கொண்டுவருகிறீர்கள், எதை வெளியே விட்டுவிடுகிறீர்கள் என்று கேட்கிறேன்.

பெரும்பாலான கம்பெனிகள் கொண்டுவருவது உறை மட்டும். வேலை இப்படி நடக்கிறது: மெயின்பிரேம் அனுப்பும் திரையை நடுவிலிருக்கும் ஒரு சர்வர் வாங்கிக்கொள்ளும். 7-ஆம் வரியில் 12-ஆம் இடத்திலிருந்து எட்டு எழுத்து என்றால் சரக்கு எண், 9-ஆம் வரியில் இருப்பது அளவு என்று, இடத்தை வைத்தே பிய்த்தெடுத்து வலைப்பக்கத்தில் ஒட்டும். பின்னால் யாரோ ஒரு நிரலாளர் அந்தத் திரையில் ஒரு வரியைக் கீழே இறக்கினால் போதும். பக்கம் உடைந்து நின்றுவிட்டால் நல்லது, உடனே தெரிந்துவிடும். உடையாமல், சரியான கட்டத்தில் தவறான எண்ணைக் காட்டிக்கொண்டே ஓடினால் என்ன செய்வது? பழைய திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வரி நகர்ந்தது கண்ணில் பட்டிருக்கும். உறை போட்டபின் அந்தக் கண்ணும் மூடப்படுகிறது.

அடுத்தது, பின்செல்லும் பொத்தான். டெர்மினலும் பெரிய கணினியும் பேசுவது ஓர் உரையாடல். இப்போது எந்தத் திரையில் இருக்கிறோம் என்பதை இரு தரப்பும் நினைவில் வைத்திருக்கும். வலைக்கு அப்படிப்பட்ட நினைவு இயல்பில் கிடையாது. ஊழியர் பின்செல்லும் பொத்தானை அழுத்துகிறார். பிரவுசர் மூன்றாவது திரையைக் காட்டுகிறது, மெயின்பிரேம் ஐந்தாவதிலேயே நிற்கிறது. இப்போது அவர் தட்டும் தொகை எந்தப் படிவத்தில் போய்ச் சேரும்? நல்ல மென்பொருள் இதைக் கண்டுபிடித்துத் தடுக்கும். தடுத்து, 'மறுபடி உள்நுழையவும்' என்று சொல்லும். நிரப்பியதெல்லாம் போயிற்று.

விசைகளைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஏஎஸ்/400 திரையில் எஃப்3 என்றால் வெளியேறு, எஃப்12 என்றால் ஒரு படி பின்வாங்கு, எஃப்4 என்றால் இந்தக் கட்டத்துக்குரிய பட்டியலைக் காட்டு. வழக்கமான பிரவுசரில் எஃப்3 தேடல், எஃப்12 நிரலாளர் கருவிகள், எஃப்5 பக்கத்தை மறுபடி ஏற்றுவது. இவற்றைப் பிடித்துத் திருப்பிவிட நிரல் எழுதலாம், எழுதவும் செய்கிறார்கள். ஆனால் விஎம்எஸ் உலகில் கலங்கிய திரையை மறுபடி வரைந்து காட்டும் கன்ட்ரோல்-டபிள்யூ, பிரவுசரில் அந்தப் பக்கத்தையே மூடிவிடும். அதைத் தடுக்கும் அதிகாரத்தைப் பெரிய பிரவுசர்கள் சாதாரண வலைப்பக்கத்துக்குத் தருவதில்லை. ஆண்டுக்கணக்காக ஒரு வேலையைச் செய்த விரல், பழக்கத்தில் அதே விசையைத் தட்டி, பாதி நிரப்பிய படிவத்தைத் தொலைக்கிறது. ஊழியரின் கவனக்குறைவு என்று அதைப் பதிவு செய்கிறார்கள்.

பிரவுசர் என்றால் நிலைத்து நிற்கும், டெர்மினல் என்றால் அழிந்துபோகும் என்ற நம்பிக்கைக்கு வரலாறு நேர் எதிராகச் சாட்சி சொல்கிறது. 1990-களின் இறுதியில் பழைய திரைகளை பிரவுசருக்குக் கொண்டுவந்த முதல் அலை ஜாவா ஆப்லெட்டை நம்பியது. ஐபிஎம்மின் ஹோஸ்ட் ஆன்-டிமாண்ட் அப்படி வந்ததுதான். வேறு பலர் மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ்எக்ஸை நம்பினார்கள். குரோம் 2015-இல் ஆப்லெட்டை இயக்கும் செருகு வசதியை நீக்கியது. பயர்ஃபாக்ஸ் 2017-இல் நீக்கியது. ஃபிளாஷ் 2020 டிசம்பரோடு முடிந்தது. ஆக்டிவ்எக்ஸின் தாய்வீடான இன்டர்நெட் எக்ஸ்புளோரருக்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2022 ஜூனில் நிறுத்தியது. ஒவ்வொரு முறையும் கம்பெனிகள் உறையைப் புதிதாக விலை கொடுத்து வாங்கின. 3270 திரையைச் சாதாரண வலையமைப்பில் கொண்டுசெல்லும் டிஎன்3270 நெறிமுறை 1994-இல் எழுதிவைக்கப்பட்டது. அது இன்றும் ஓடுகிறது. எது பழையது, எது நிலையானது என்று இதற்குமேலும் நான் விளக்க வேண்டியதில்லை.

மோசமான திரையால் பெரும் பணம் போன கதையை எதிர்த்தரப்பு சொல்வதுண்டு. 2020 ஆகஸ்ட்டில் சிட்டிபேங்க், ரெவ்லான் நிறுவனத்துக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு வட்டி மட்டும் அனுப்பப் போய், ஏறக்குறைய 90 கோடி டாலரைத் தவறுதலாக அனுப்பிவிட்டது. பழைய மென்பொருளின் குற்றம் என்று அப்போது எல்லாரும் எழுதினார்கள். ஆனால் அந்தத் திரையில் இருந்தது பச்சை எழுத்து இல்லை, சொடுக்கித் தேர்வு செய்யும் மூன்று சிறு பெட்டிகள். மூன்றையும் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்தார்கள். மூவர் பார்த்து ஒப்புதல் கொடுத்தும் தவறு தெரியவில்லை. பெட்டிக்கு என்ன பொருள் என்பதைத் திரை சொல்லவில்லை. பெட்டியும் பொத்தானும் இருந்தால் தானாகவே தெளிவு வந்துவிடும் என்பவர்களுக்கு அந்த வழக்கே பதில்.

அப்படியானால் எல்லாவற்றையும் தூக்கியெறிந்து அடியிலிருந்து எழுதுவோமே என்கிறவர்களும் உண்டு. பிரிட்டனின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் புதிய அமைப்புக்கு மாற்றியது. இலட்சக்கணக்கானவர்களுக்குத் தங்கள் கணக்கையே பார்க்க முடியாமல் போனது. 2022 டிசம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சம் பவுண்டுக்கு மேல் அபராதம் விழுந்தது. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் 2020 ஏப்ரலில், வேலையிழந்தோர் விண்ணப்பங்கள் குவிந்து அமைப்பு திணறியபோது, கோபால் என்ற நிரல்மொழி தெரிந்தவர்கள் வேண்டும் என்று ஆளுநரே வெளிப்படையாகக் கேட்டார். பழி முழுவதும் பழைய மெயின்பிரேம் மீது விழுந்தது. விழுந்தது கோபால் பகுதி இல்லை, மக்கள் விண்ணப்பம் போட்ட ஜாவா வலைமுகப்புதான் என்று வரலாற்றாசிரியர் மார் ஹிக்ஸ் பிறகு எடுத்துக்காட்டினார்.

எதிர்த்தரப்பு சரியாகச் சொல்லும் இடங்களும் உண்டு. பழைய டெல்நெட் இணைப்பில் கடவுச்சொல் மறைப்பின்றிப் போகும் என்பது உண்மை. அதற்கு மருந்து இணைப்பை மறையாக்குவது, அதை டெர்மினலிலேயே செய்யலாம். படம் பார்த்துச் செய்ய வேண்டிய வேலைக்கு, சில்லின் மேற்பரப்பில் கீறல் தேடுவது போன்றவற்றுக்கு, எழுத்துத் திரை போதாது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மூன்றாவது இடம் எனக்கு நெருக்கமானது, தமிழ். ஒரே அளவுள்ள 1920 கட்டங்களில் ஆங்கில எழுத்துக்காக அமைந்த திரையில் நம் எழுத்துகள் வசதியாக உட்காராது. பிரவுசரில் உட்காரும். யூனிகோடில் 1991 முதலே தமிழ் இருக்கிறது. முத்து நெடுமாறன் இந்த நாட்டிலேயே முரசு மென்பொருளைத் தொடங்கியது அதற்கும் முன்னால், 1985-இல். மலாயோ ஆங்கிலமோ வாசிக்கத் தெரியாத ஒரு பாட்டிக்கு அவர் பெயரைத் தமிழில் திருப்பிக் காட்டி, "சரியாம்மா?" என்று கவுண்டரில் கேட்க முடிந்தால், அந்த ஒன்றுக்காகவே நான் பிரவுசரை வரவேற்பேன். ஆனால் உறை போடுவதால் இது கிடைக்காது. பின்னாலிருக்கும் பதிவேட்டில் பெயர் இன்னும் எழுத்துக்கு ஒரு பைட் என்ற கணக்கில், ஆங்கிலத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. முன்னால் எத்தனை அழகான பக்கம் வைத்தாலும் அதில் தமிழ் வராது. தமிழ் வர வேண்டுமானால் பதிவேட்டைத் திறந்து மாற்ற வேண்டும். அந்த வேலைக்குக் காசில்லை என்பவர்களிடம் உறைக்கு மட்டும் காசு இருக்கிறது.

இனி, செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். திரைகளை பிரவுசருக்கு மாற்றுவதென்று முடிவு செய்த கம்பெனி, முதலில் அந்தத் திரையில் மிக வேகமாக வேலை பார்க்கும் ஊழியரின் பக்கத்தில் ஒரு ஷிஃப்ட் முழுக்க ஓர் ஆளை உட்காரவைக்கட்டும். எந்த விசையை எப்போது தட்டுகிறார், எங்கே முன்கூட்டியே தட்டுகிறார் என்று எழுதட்டும். புதிய பக்கத்தில் அதே விசைகள் அதே வேலையைச் செய்ய வேண்டும். முன்கூட்டித் தட்டியதைப் பக்கம் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே திரையில் பார்த்ததை நான்கு பக்கமாகப் பிரிக்கக் கூடாது. மாற்றத்துக்குப் பிறகும் பழைய வழி சில காலம் திறந்திருக்க வேண்டும். இதில் எதுவும் முடியாத காரியமில்லை, அமடேயஸ் செய்து காட்டியிருக்கிறது. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் 2001 முதல் இதே நிபோங் திபாலில் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளில் பலர் நாளை இந்தத் திரைகளைத் திட்டமிடப் போகிறவர்கள். ஒரு திரையை வரைவதற்கு முன் கையில் ஒரு நிறுத்துகடிகாரத்தோடு ஆலைக்குள் போய் நிற்கும்படி அவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

திரைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புதிய அமைப்பை வேலைக்கு விடுவதற்கு முன், பயனர் ஏற்புச் சோதனை என்று ஒரு தாள் உங்களிடம் கையெழுத்துக்கு வரும். அதே பதிவைச் செய்ய பழைய திரையில் எத்தனை விநாடி, புதிய திரையில் எத்தனை விநாடி என்ற இரண்டு எண்களும் அந்தத் தாளில் இல்லையென்றால் கையெழுத்துப் போடாதீர்கள்.